டிராக் போலோவுக்கு பக்கெட் சீட், ஆறு முனை பெல்ட், ரோல் பார்

வண்டி 2020 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ. 1.0 டிஎஸ்ஐ எஞ்சின், 110 பிஎஸ், 6 கியர் மேனுவல். இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 2010-லேயே இந்தியாவில் போலோவை மட்டும் வைத்து ஒரு ரேஸ் தொடர் நடந்திருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ.தான். அந்த அளவு டிராக்கில் எடை குறைந்த ஒரு ஹேட்ச்பேக் கொடுக்கும் சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. ஆண்டுக்குச் சில தடவை சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கும் கொண்டு போவேன். அது 3.7 கி.மீ., வேகமும் கூட.

டயர், பிரேக் பேட், பிரேக் ஆயில் எல்லாம் முன்பே மாற்றியாகிவிட்டது. பிடிமானம் கூடக் கூட, கம்பெனி சீட்டில் உட்கார்ந்து ஓட்டுவது எரிச்சலாகிக்கொண்டே வந்தது. வளைவில் உடம்பு ஒரு பக்கம் சரியும். இடது முழங்காலை சென்டர் கன்சோலில் முட்டுக்கொடுத்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் ஓட்ட வேண்டியிருந்தது. ஸ்டீயரிங் என்பது வண்டியைத் திருப்ப. நாம் பிடித்துத் தொங்க அல்ல. சரி, சீட் மாற்றலாம் என்று தொடங்கியதுதான் இவ்வளவு தூரம் வந்து நின்றது.

பலரும் செய்வது என்னவென்றால், முதலில் ஒரு நான்கு முனை ஹார்னஸ் பெல்ட் வாங்கி, பின் சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டி, கம்பெனி சீட்டிலேயே கட்டிக்கொள்வது. பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்கும், செலவும் கம்மி. ஆனால் ஒன்றுமே செய்யாமல் கம்பெனி பெல்ட்டோடு ஓட்டுவதைவிட அது மோசம். காரணம் எளிது. நான்கு முனை பெல்ட்டில் தோள் பட்டைகளை இறுக்கினால் அவை நடு பக்கிளை மேலே இழுக்கும். இடுப்பு எலும்பின் மேல் இருக்க வேண்டிய பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். மோதலில் உடம்பு அந்தப் பட்டைக்கு அடியில் வழுக்கிப் போகும். பட்டை குடலை நசுக்கும். அதைத் தடுக்கத்தான் தொடைகளுக்கு நடுவில் போகும் இரண்டு கீழ்ப் பட்டைகள், அதாவது ஆறு முனை. அவை போக சீட்டின் அடிப்பாகத்தில் ஓட்டை வேண்டும். கம்பெனி சீட்டில் அது கிடையாது.

சரி, உடம்பைப் பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கும் பக்கெட் சீட்டும் ஆறு முனை பெல்ட்டும் போட்டாயிற்று என்று வையுங்கள். இப்போது உடம்பு நிமிர்ந்து, அசையாமல் கட்டப்பட்டிருக்கிறது. வண்டி உருண்டு கூரை உள்ளே நசுங்கினால்? மூன்று முனை பெல்ட்டில் உடம்பு பக்கவாட்டில் சாய இடமுண்டு. ஹார்னஸில் அதுவும் கிடையாது. கூரை நேராகத் தலையில் இறங்கும். ஆகவே கூரையைத் தாங்கும் இரும்புக் குழாய் வளைவு, அதாவது ரோல் பார் வேண்டும். ரோல் பார் போட்டால் தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் வந்துவிடும். ஆகவே ஹெல்மெட் இல்லாமல் அந்த வண்டியை ஓட்டவே கூடாது. உடம்பைக் கட்டிப்போட்டபின் தலை மட்டும் முன்னால் வீசப்படும். ஆகவே தலையையும் கழுத்தையும் தாங்கும் ஹான்ஸ் கருவி வேண்டும். ஒன்றை வாங்கினால் அடுத்ததை வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற வரிசை இது. பாதியில் நிறுத்துவதற்குப் பதில் தொடங்காமலே இருப்பது நல்லது.

இதை யோசித்துப் பார்த்த பிறகு எடுத்த முடிவு: இந்த வண்டி இனி ரோட்டில் ஓடாது. பின் சீட்டைக் கழற்றி குழாய் போட்ட வண்டியை ரோட்டில் ஓட்டினால் சட்டத்துக்கும் ஆகாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதைவிடப் பெரிய காரணம் அந்தக் குழாய்தான். கடைக்குப் போகும்போது யாரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு கார் ஓட்டப் போவதில்லை. டிராக்குக்கு பிளாட்பெட் லாரியில் போய் பிளாட்பெட்டில் வரும். வாடகை வலிக்கத்தான் செய்கிறது.

முதல் வேலை சீட். எல்லாவற்றுக்கும் அளவு அங்கிருந்துதான் கிளம்புகிறது. தோள் எந்த உயரத்தில் வருகிறதோ அதற்குத் தக்கபடிதான் ரோல் பாரில் பெல்ட் கட்டும் குறுக்குக் குழாய் வர வேண்டும். தலை எங்கே வருகிறதோ அதற்குத் தக்கபடிதான் குழாயின் வளைவு. ரெடிமேட் ரோல் பாரை முதலில் போட்டுவிட்டு சீட்டை அதற்குள் திணித்த வண்டிகளை டிராக்கில் பார்த்திருக்கிறேன். ஓட்டுபவர் ஒன்று கூரையில் இடிப்பார், இல்லாவிட்டால் படுத்துக்கொண்டு ஓட்டுவார்.

சீட்டில் எஃப்.ஐ.ஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) முத்திரை பார்த்து வாங்குங்கள். பரவலாகக் கிடைப்பது 8855-1999 தரம். தயாரித்த தேதியிலிருந்து 5 ஆண்டு செல்லும். அதற்கு மேல் உயர்ந்தது 8862-2009. விலை என் கைக்கு எட்டாதது. முத்திரை விஷயத்தில் ஒரு கூத்து. உள்ளூரில் ஒரு கடையில் 'ஒரிஜினல்' என்று அடுக்கி வைத்திருந்தார்கள். துணியைத் தடவிப் பார்த்தபோதே சந்தேகம். பின்புறம் திருப்பிப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சீட்டிலும் ஒரே வரிசை எண். கடைக்காரரிடம் காட்டினேன். "செட்டுங்க, அதனால ஒரே நம்பர் போட்டிருப்பாங்க" என்றார். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இந்தப் போலிகளில் ஃபைபர் சுவர் மெல்லிசாக இருக்கும், பக்கவாட்டு நட்டுகள் பிசினில் ஒட்டி வைத்தது போல் இருக்கும். மோதலில் சீட் முதுகோடு முறிந்தால் பெல்ட் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

அளவு பார்க்க வேறு வழியே இல்லை, உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். படத்தைப் பார்த்து வாங்குவது செருப்பைப் படத்தில் பார்த்து வாங்குவது மாதிரி. இடுப்பில் விரல் நுழையும் இடம் மட்டும் இருக்க வேண்டும். உள்ளங்கை நுழைந்தால் பெரிது. தோள் பட்டைக்கான ஓட்டை தோளின் மட்டத்திலோ கொஞ்சம் மேலேயோ வர வேண்டும். கீழே வந்தால் பட்டை தோளைக் கீழ்நோக்கி அழுத்தி, மோதலில் முதுகெலும்பை நசுக்கும். கிளட்ச் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: சீட்டின் தொடைப்பக்க விளிம்பு உயரமாக இருந்தால் ஒவ்வொரு கியருக்கும் இடது தொடை அதில் இடித்து, ஒரு செஷன் முடியும்போது கன்றிப்போய்விடும். நான் எடுத்ததில் இடது விளிம்பு தாழ்வு. முதுகுப் பக்கம் மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது, பழகிவிட்டது.

கம்பெனி சீட்டைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு வைக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் ஒயர்கள் இருக்கின்றன. ஏர்பேக், மோதலில் பெல்ட்டை இறுக்கும் கருவி எல்லாமே வெடிமருந்தில் வேலை செய்பவை. ரோட்டுக்குப் போகாத வண்டி, ஹார்னஸும் ஹான்ஸும் போடப் போகிறோம் என்பதால் ஸ்டீயரிங் ஏர்பேக்கையும் எடுத்துவிட்டோம். அதை நான் தொடவில்லை. ஏர்பேக் வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செய்தேன். கழற்றிய ஏர்பேக்கை மூடிப் பக்கம் மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்தது தவறி வெடித்தால் மொத்தப் பெட்டியும் ராக்கெட்டாகக் கிளம்பும்.

சீட் போனபின் தரையைப் பார்த்தால், கம்பெனி சீட் உட்காரும் நான்கு முனைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. நடுவில் எக்ஸாஸ்ட் போகும் மேட்டுப் பக்கம் ஓர் உயரம், கதவுப் பக்கம் ஓர் உயரம், முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம். பக்கெட் சீட்டுக்கோ இரண்டு பக்கமும் செங்குத்தாக இரண்டு தகடு வேண்டும், அவை ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும் போல்ட்டை இறுக்கும்போது ஃபைபர் சீட் அந்த முறுக்கை வாங்கி, காலப்போக்கில் நட்டு இருக்கும் இடத்தில் விரிசல் விடும்.

கோவை கணபதியில் தெரிந்த ஒரு பட்டறையில் குறுக்குச் சட்டம் செய்தோம். 40 மி.மீ. சதுரக் குழாய், 3 மி.மீ. கனம், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. நான்கு முனையிலும் கம்பெனி போல்ட் இடத்தில் உட்காரும் பாதங்கள். எஃப்.ஐ.ஏ விதிப்படி சீட் தாங்கிகள் இரும்பானால் குறைந்தது 3 மி.மீ., அலுமினியக் கலவையானால் 5 மி.மீ. இருக்க வேண்டும்; போல்ட் 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது, குறைந்தது நான்கு இடத்தில் பிடிக்க வேண்டும். உயர வித்தியாசத்துக்கு வாஷர் அடுக்கினால் போதும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அடுக்கிய வாஷர்கள் பக்கவாட்டு விசையில் ஒன்றின்மேல் ஒன்று நழுவும், போல்ட் வளையும். ஒற்றைத் துண்டாகக் கடைந்த ஸ்பேசர்தான் சரி. லேத்காரர் அண்ணன் கையில் வரைபடத்தைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, ஒரு சீட்டுக்கு இத்தனை கனமா? நாலு பேரா உக்காரப் போறாங்க?"

"ஒரு ஆள்தாங்கண்ணா. ஆனா மோதுனா அந்த ஒரு ஆளே இருபது ஆள் எடைங்க."

அப்புறம் அவர் கேள்வியே கேட்கவில்லை. வரைபடத்தில் நான் விட்டிருந்த கூர் முனைகளை எல்லாம் அவராகவே மழுக்கிக் கொடுத்தார்.

சீட்டின் இடத்தைத் தீர்மானிக்கும் வேலையை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது. சட்டத்தை வெல்டிங்கில் முடிக்கும் முன், மரக்கட்டைகளை அடுக்கி அதன் மேல் சீட்டை வைத்து, ஹெல்மெட்டும் ரேஸ் ஷூவும் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதுகு முழுவதும் சீட்டில் படிந்திருக்கும்போது, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். கிளட்ச்சைத் தரையோடு மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். நான் 178 செ.மீ.; கம்பெனி சீட்டில் ஹெல்மெட் போட்டால் கூரைக்கும் எனக்கும் விரல் அளவு இடைவெளிதான் இருந்தது. இப்போது ஒரு முஷ்டி தாராளமாக நுழைகிறது. இன்னும் தாழ்த்தலாம்தான், தாழ்த்தினால் பானெட் மறைத்து வளைவின் உள் விளிம்பு தெரியாமல் போகும். போலோவின் ஸ்டீயரிங் மேலே கீழேயும் போகும், முன்னே பின்னேயும் வரும் என்பதால் சீட்டைத் தாழ்த்திய பின்னும் சமாளிக்க முடிந்தது.

சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் ரயில் வைக்கவில்லை. நான் ஒருவன்தான் ஓட்டப் போகிறேன். ரயில் என்பது இன்னொரு ஆடும் இணைப்பு, உயரத்திலும் கொஞ்சத்தைத் தின்னும். இரண்டு பேர் பங்கு போட்டு ஓட்டும் வண்டிக்கு வேறு வழியில்லை. அப்போதும் இரண்டு பக்கமும் பூட்டிக்கொள்ளும் ரயில்தான் வாங்க வேண்டும்.

பக்கவாட்டு போல்ட்டில் கவனிக்க வேண்டிய ஒன்று. சீட்டுக்குள் பதித்திருக்கும் நட்டின் ஆழம் குறைவு. போல்ட் நீளமாக இருந்தால் அடியில் போய் முட்டி நின்றுவிடும். ஸ்பானருக்கு இறுகியது போலத் தெரியும், தகடோ லூசாகவே இருக்கும். இறுக்கிய பின் தகட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள், 'டக் டக்' என்றால் இதுதான். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு குச்சியை விட்டு ஆழம் அளந்து, தகடு, வாஷர் கனத்தைக் கூட்டி, போல்ட்டை அந்த நீளத்துக்கு வாங்கினேன். தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்த போல்ட் தவிர வேறெதுவும் இந்த வண்டியில் இந்த வேலைகளுக்குப் போடவில்லை. பொறிப்பு இல்லாத பளபள போல்ட் கேட்டுக்கு மாட்டத்தான் லாயக்கு.

ரோல் பார் வேலையை ரேஸ் வண்டி தயாரிக்கும் ஒரு பட்டறையிடம் கொடுத்தேன். வெல்டிங்கில் கைப்பழக்கம் இல்லாதவன் தொடக் கூடாத வேலை இது. நான் கேட்டு வாங்கியது இதுதான்: முக்கிய வளைவுக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், தையல் இல்லாத, குளிர் முறையில் இழுத்த இரும்புக் குழாய். தண்ணீர்க் குழாய், ஜி.ஐ. குழாய் எதுவும் ஆகாது. அவற்றில் நீள வாக்கில் ஒரு தையல் ஓடும், மோதலில் பிளப்பது அங்கேதான். குழாயை வளைக்கும் இடத்தில் ஆரம் குழாய் விட்டத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு இருக்க வேண்டும். வளைத்த இடத்தில் உள்பக்கம் சுருக்கமோ நசுங்கலோ இருந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். முதலில் வளைத்ததில் லேசான சுருக்கம் இருந்தது. பட்டறைக்காரரே அதை ஓரமாகப் போட்டுவிட்டு வேறு குழாய் எடுத்தார். அந்த ஒரு செயலுக்காகவே அவர் கேட்ட கூலியில் பேரம் பேசவில்லை.

வளைவு முன் சீட்டுக்குப் பின்னால், கதவுத் தூணை ஒட்டி நிற்கிறது. அதிலிருந்து இரண்டு தாங்கிகள் பின் சக்கர மேட்டுக்குப் போகின்றன. நடுவில் ஒரு மூலைவிட்டக் குழாய். பாதங்கள் நட்டு போல்ட்டில்தான்: மேலே பாதத் தகடு, நடுவில் வண்டியின் தரை, அடியில் இன்னொரு தகடு, மூன்றையும் சேர்த்து எம்8 போல்ட்கள். முக்கிய வளைவின் பாதத்துக்கு அடியில் 120 சதுர செ.மீ. பரப்பும் 3 மி.மீ. கனமும் உள்ள தகடு, பின் தாங்கிகளுக்கு 60 சதுர செ.மீ. தரைத் தகடு ஒரு மி.மீ.கூட இல்லாத மெல்லிசு. பரப்பு இல்லாமல் குழாயை நிறுத்தினால் வண்டி உருளும்போது குழாய் தரையைக் குத்திக்கொண்டு கீழே இறங்கும். அப்புறம் ரோல் பார் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன.

துளை போடும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க். ஓரத்தில் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய். உள்ளேயிருந்து 3 மி.மீ. பிட்டில் சின்னத் துளை, அடியில் போய் டார்ச் அடித்து அது எங்கே வந்திருக்கிறது என்று பார்ப்பது, சரியாக இருந்தால் மட்டும் பெரிசாக்குவது. பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். போட்ட ஒவ்வொரு துளையின் விளிம்புக்கும் ஜிங்க் பிரைமர் அடித்து, மேலே சீலர் பூசினோம்.

பெல்ட் கட்டும் குறுக்குக் குழாயின் உயரத்துக்கு இப்போதுதான் வருகிறோம். அது 38 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம். தோள் பட்டை சீட்டின் ஓட்டையிலிருந்து பின்னோக்கிப் போகும்போது படுக்கைக் கோட்டுக்குக் கீழே 45 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது. 10 டிகிரிக்குள் இருந்தால் நல்லது என்கிறது எஃப்.ஐ.ஏ விதி. ஹான்ஸ் போடுபவர்களுக்கு 20 டிகிரி வரை சரி. என் வண்டியில் ஓட்டைக்கும் குழாய்க்கும் நடுவில் 25 செ.மீ. தூரம். 10 டிகிரி என்றால் சுமார் 4.5 செ.மீ. கீழே, 20 டிகிரி என்றால் 9 செ.மீ. கீழே. நாங்கள் 5 செ.மீ.யில் குழாயை வைத்தோம். சீட்டை முதலில் மாட்டியதால்தான் இந்தக் கணக்கை வண்டிக்குள்ளேயே டேப் பிடித்துப் பார்க்க முடிந்தது. பெல்ட்டைப் பின் சீட் தரையில் கட்டும் வண்டிகளில் இந்தக் கோணம் எவ்வளவு என்று ஒரு முறை அளந்து பாருங்கள். இன்னொன்று, பட்டை எவ்வளவு நீளமோ அவ்வளவு இழுபடும். குழாய் பக்கத்தில் இருந்தால் பட்டையும் குட்டை, மோதலில் தலை முன்னால் போகும் தூரமும் குட்டை.

பட்டையைக் குழாயில் கட்டுவது முடிச்சு போடும் வேலை அல்ல. மூன்று கம்பி கொண்ட இரும்பு ஸ்லைடர் வரும். பட்டையை அதில் நுழைத்து, குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபடி ஸ்லைடருக்குள் விட்டு, வந்த வழியே ஒரு முறை திருப்பி மடித்து நுழைக்க வேண்டும். அந்தத் திருப்பி மடிப்பதை விட்டுவிட்டால் பட்டை கையால் இழுக்கும்போது நன்றாகப் பிடித்ததுபோல இருக்கும், மோதலின் இழுவையில் உருவிக்கொண்டு வந்துவிடும். ஸ்லைடர் குழாயை ஒட்டியே இருக்க வேண்டும். மீதி வால் 10 செ.மீ.யாவது விட்டிருக்கிறேன். ஸ்லைடர் விளிம்பில் பட்டை மேல் வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தேன், நழுவினால் தெரியும்.

இடுப்புப் பட்டைகளும் கீழ்ப் பட்டைகளும் தரையில். இங்கே பட்டறைகளில் நடக்கும் ஒரு சுலப வழி: கீழ்ப் பட்டையை சீட்டின் குறுக்குச் சட்டத்தில் சுற்றிவிடுவது. செய்யவே கூடாது. பெல்ட்டை சீட்டிலோ சீட்டைத் தாங்கும் சட்டத்திலோ கட்டுவதை எஃப்.ஐ.ஏ தடை செய்திருக்கிறது. சட்டம் பிடுங்கிக்கொண்டால் சீட்டும் பெல்ட்டும் நீங்களும் ஒரே பொட்டலமாகக் கண்ணாடிக்குப் போவீர்கள். ஒவ்வொரு முனைக்கும் தரையில் தனித் துளை, அடியில் 3 மி.மீ. கனத்தில் 40 சதுர செ.மீ.க்குக் குறையாத தகடு. நாங்கள் 65 மி.மீ. சதுரமாக வெட்டிக்கொண்டோம், நான்கு மூலையையும் உருட்டி. போல்ட் 7/16 அங்குல யுஎன்எஃப் மரை, பெரும்பாலான கார் சீட் பெல்ட்களில் வருவது. எல்லாம் மில்லிமீட்டரில் ஓடும் ஊரில் இந்த ஒரு மரையை வெட்டும் டேப் தேடி ஹார்ட்வேர் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

இடுப்புப் பட்டை சீட்டின் பக்கவாட்டு ஓட்டை வழியாக உள்ளே வர வேண்டும், விளிம்பின் மேல் ஏறி வரக் கூடாது. தரை முனை உடம்புக்குக் கொஞ்சம் பின்னால் இருந்தால் பட்டை இடுப்பெலும்பின் மேல் சாய்வாக உட்காரும். ஓட்டையின் விளிம்பில் பட்டை உரசும் இடத்தில் ரப்பர் விளிம்பு ஒட்டினேன். பட்டை உரசி நூல் கிளம்பினால் அந்தப் பெல்ட் குப்பைக்குத்தான். பெல்ட் லேபிளில் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும். வாங்கும்போதே பார்க்க வேண்டியது, பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடுவார்கள்.

ஹான்ஸ் பற்றி இன்னும் சிலர் "அது ஃபார்முலா வண்டிக்கு" என்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவில் ராபர்ட் ஹப்பர்ட் என்ற உயிர் இயந்திரவியல் பேராசிரியரும், அவர் மைத்துனரான ரேஸ் ஓட்டுநர் ஜிம் டவுனிங்கும். 2001 பிப்ரவரியில் டேட்டோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். மண்டை ஓட்டின் அடிப்பாகம் முறிந்திருந்தது. அவர் ஓட்டியதும் கூரை உள்ள வண்டிதான். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கப் பந்தய அமைப்பான நாஸ்கார் தலை-கழுத்துத் தாங்கியைக் கட்டாயமாக்கியது, ஃபார்முலா 1-ல் 2003 முதல். உடம்பை எவ்வளவு இறுக்கமாகக் கட்டுகிறோமோ அவ்வளவுக்குத் தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்த ஆறேழு கிலோவைக் கழுத்து தனியாகப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. நிமிர்ந்து உட்காரும் கார்களுக்கு 20 டிகிரி மாடல் போதும். தோளில் 3 அங்குலப் பட்டை ஹான்ஸ் மேல் மடங்கி நழுவப் பார்க்கும் என்பதால், மேல் பாதி 2 அங்குலமாகக் குறுகும் பெல்ட்டை எடுத்தேன். ஹெல்மெட்டில் அதற்கான முளைகள் மாட்டும் மரை இருக்க வேண்டும். பைக் ஹெல்மெட்டில் இருக்காது, உள்துணியும் தீயைத் தாங்காது.

தீயணைப்பான் 2 கிலோ. பவுடர் வேண்டாம் என்று முடிவு செய்தேன். மூடிய வண்டிக்குள் பவுடர் அடித்தால் கண்ணும் தெரியாது, மூச்சும் விட முடியாது. தப்பித்தாலும் ஒயரிங் முழுவதும் அரித்துப் போகும். நுரை வகை வாங்கினேன். உருளையும் சேர்த்தால் எடை ஏறக்குறைய 4 கிலோ. அதன் தாங்கி 25 ஜி வரை பிடிக்க வேண்டும் என்பது விதி, அதாவது 100 கிலோ மூட்டையைத் தொங்கவிடும் பலம். கடையில் கூடவே கொடுத்த பிளாஸ்டிக் கொக்கியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இரண்டு இரும்புப் பட்டை, முன்னால் நழுவாமல் தடுக்கும் நாக்கு, தரைக்கு அடியில் தகடு. பயணி இடத்தின் முன்புறத்தில், குறுக்காக. பெல்ட் கட்டிய நிலையில் இடது கையை நீட்டினால் அதைக் கழற்றும் கொக்கி எட்டுகிறது.

எஞ்சினையும் மின்சாரத்தையும் ஒரேயடியாக நிறுத்தும் கில் சுவிட்ச்சைப் பொருத்துவதைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். டிராக் டேவுக்குக் கட்டாயம் இல்லை. போடும்போது ஆறு முனை உள்ள வகையைத்தான் போட வேண்டும். வெறும் பேட்டரியை மட்டும் துண்டித்தால் ஆல்டர்னேட்டர் எஞ்சினை ஓட விட்டுக்கொண்டே இருக்கும், மின்னழுத்தம் எகிறி கம்ப்யூட்டர் புகையும். இழுவைக் கொக்கிக்கு முன் பம்பர் ஓட்டையில் துணிப் பட்டை மாட்டியாயிற்று. ஃபோக்ஸ்வேகனில் அந்த மரை இடப்புறம் சுற்றி இறுகும் மரை என்பதை மறந்து வலுக்கட்டாயமாக வலப்புறம் திருகி மரையைக் கெடுத்தவர்கள் உண்டு.

ரோல் பாரில் தலை, கை படக்கூடிய இடமெல்லாம் எஃப்.ஐ.ஏ 8857-2001 தரத்தில் கடினமான மெத்தை உறை. ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஸ்பாஞ்ச் பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும். விரலால் அழுத்தினால் வித்தியாசம் தெரிந்துவிடும்: ஸ்பாஞ்ச் உடனே இரும்பைத் தொடும், இது கட்டை மாதிரி நிற்கும். ஹெல்மெட்டோடு மோதும்போது அந்தக் கடினம்தான் வேலை செய்யும்.

கட்டும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன், டிராக்கில் பாதிப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் இடுப்பு, நன்றாகக் கீழே தள்ளி, மூச்சு முட்டும் அளவுக்கு. அடுத்து கீழ்ப் பட்டைகள். கடைசியாகத்தான் தோள். தோளை முதலில் இறுக்கினால் இடுப்புப் பட்டை ஏறிவிடும், பிறகு இறங்காது. எல்லாம் மாட்டி முடித்ததும் வீட்டு வாசலிலேயே கண்ணை மூடிக்கொண்டு வெளியே வந்து பழகினேன்: ஸ்டீயரிங்குக்குக் கீழே கை, பக்கிளைத் திருப்பு, பட்டைகளை உதறு, கதவு. ஹான்ஸ் கதவுச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். தலையை முதலில் முன்னால் குனிய வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டி "என்னாச்சு சாமி, கதவு தொறக்கலையா?" என்று ஓடி வந்தார்.

கரி டிராக்கில் முதல் முறை ஓட்டியபோது கை லேசாகிவிட்டதுதான் உடனே தெரிந்தது. ஸ்டீயரிங்கை விரலால் பிடித்தால் போதும். முன் சக்கரம் வழுக்கத் தொடங்குவது முன்பெல்லாம் வண்டி வெளியே போகும்போதுதான் புரியும்; இப்போது அதற்கு முன்பே இடுப்பில் தெரிகிறது. பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கலாம், உடம்பு முன்னால் போவதில்லை. சூடுதான் தாங்கவில்லை. ரேஸ் சூட், ஹெல்மெட், முதுகை மூடிய ஃபைபர் எல்லாம் சேர்ந்து இரண்டாவது செஷனுக்குள் சட்டை பிழியலாம். ஏ.சி.யைக் கழற்றச் சொன்னவர்கள் பேச்சைக் கேட்காதது நல்லதாயிற்று. வரிசையில் காத்திருக்கும்போதாவது ஓடுகிறது.

செஷன் முடிந்து வந்ததும் போல்ட்களில் போட்டிருந்த பெயின்ட் கோடுகளைப் பார்த்தேன். சீட்டின் இடது முன் போல்ட்டில் மட்டும் கோடு கொஞ்சம் விலகியிருந்தது. பாதத்துக்கு அடியில் பெயின்ட் படலம் நசுங்கி இறங்கியிருக்கிறது. சுரண்டிவிட்டு எளிதில் தளராத புது நைலாக் நட்டுப் போட்டு இறுக்கியாயிற்று. அடுத்த செஷனில் நகரவில்லை. ஸ்லைடர் கோடுகளும் அப்படியே. ஆனாலும் ஒவ்வொரு டிராக் நாளிலும் காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று ஸ்பானரோடு பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

பயணிப் பக்கம் சீட்டே இல்லை, வெறும் தரை. "ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போ" என்று கேட்பவர்கள் நிறைய. அந்தப் பக்கத்துக்கும் இதே சட்டம், இதே பெல்ட், இன்னொரு ஹான்ஸ் என்று செலவு அப்படியே இரட்டிக்கும். இந்த வருஷ பட்ஜெட்டில் புது டயர் இருக்கிறது, அது இல்லை. ஆகவே கேட்பவர்களுக்குப் பிட் சுவர் பக்கம் நல்ல நிழல் இருக்கிறது என்று காட்டிவிடுகிறேன்.